மருந்தாகக் கொடுத்த வேலை



நினைவுப் பேருரை என்றதும் இலக்கியம் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் ஒரு மெமோவிலிருந்து தொடங்குகிறேன். 1998-இல் என் சித்தப்பாவுக்கு வந்த மெமோ. அவர் ஒரு நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளி. பதினாறு வருட சர்வீஸ். ஒருநாள் விடியற்காலை மஸ்டருக்குப் போனவர், மேஸ்திரி தன்னைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார். அதன்பிறகு மூன்று மாதம் வாசலைத் தாண்டவில்லை. சித்தி அவரைக் கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப்போய், கடைசியில்தான் அரசு மருத்துவமனைக்குப் போனார். மாத்திரையில் ஓரளவு தெளிந்து வேலைக்குத் திரும்பியபோது கை நடுங்கியது, நாக்கு குழறியது. அது மருந்தின் பக்கவிளைவு. 'காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார்' என்று எழுதினார்கள். நம்மவர் ஒருவர் தள்ளாடினால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. முன் அனுமதியின்றி வராமை, பணிநேரத்தில் குடிபோதை என்று இரண்டு குற்றச்சாட்டு. ஆறு மாதத்தில் வேலை போயிற்று.

வெகுநாள் இதை எங்கள் வீட்டுத் துயரமாக மட்டுமே நினைத்திருந்தேன். மனநோயாளிக்கும் வேலைக்கும் இடையிலான உறவுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது என்பதும், அந்த மெமோ அதில் ஒரு பக்கம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

தமிழ் சினிமா நகைச்சுவையில் கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிப்பு வரும். அந்தக் கீழ்ப்பாக்கத்துக்கு முன்கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கனோலி 1794-இல் சென்னையில் ஒரு மனநோய்க் காப்பகத்தைத் தொடங்கினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. கனோலி தொடங்கி இரண்டே ஆண்டில், 1796-இல், இங்கிலாந்தில் யார்க் நகரத்துக் காப்பகம் திறக்கப்பட்டது. மனநோயாளியைச் சங்கிலியால் அடக்குவதைவிட ஒழுங்கான அன்றாட வாழ்வாலும் வேலையாலும் குணப்படுத்தலாம் என்ற கருத்து அங்கிருந்து பரவியது. சங்கிலியோடு ஒப்பிட்டால் நல்ல கருத்துதான். ஆனால் காலனி நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதன் உருவம் மாறிவிட்டது.

1858-இல் இந்தியாவுக்கென்று காப்பகச் சட்டம் வந்தது. தெருவில் திரிபவர்களில் பித்துப்பிடித்தவர் என்று கருதப்படுபவரைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் கிடைத்தது. 1912-இன் சட்டமும் அதைத் தொடர்ந்தது. 'திரிபவர்' என்ற அந்த வலையில் யார் விழுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீடும் நிலமும் உள்ளவருக்குப் புத்தி பேதலித்தால் பின்கட்டு அறை இருக்கும். பஞ்சத்திலும் வேலையின்மையிலும் ஊர் ஊராக நடந்தவருக்குத் தெருதான் இருந்தது.

சென்னை மாகாணத்தில் சென்னை, கோழிக்கோடு, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று இடங்களில் காப்பகங்கள் இருந்தன. அவற்றுக்கு ஆண்டறிக்கைகள் அச்சாயின. அக்காலக் காப்பக அறிக்கைகள் நோயாளிகளின் மதத்தையும் முன்பு செய்த தொழிலையும் அட்டவணை போட்டன. நோயாளிகளின் உழைப்பால் கிடைத்த வரவையும் கணக்கில் காட்டின. தோட்ட வேலை, நெசவு, தண்ணீர் இறைத்தல், பெருக்கல் என்று வேலைகள் இருந்தன. இந்தியக் காப்பகங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் மில்ஸ், வால்ட்ராட் எர்ன்ஸ்ட் போன்ற வரலாற்றாசிரியர்களின் எழுத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு செய்திகள். ஐரோப்பிய நோயாளிக்குப் பெரும்பாலும் வாசிப்பும் விளையாட்டும் சிகிச்சை. இந்திய ஏழை நோயாளிக்கு உடலுழைப்பு சிகிச்சை. ஒருவர் குணமாகிவிட்டார் என்பதற்கு, அவர் சொன்ன வேலையைச் செய்கிறார் என்பதே பெரிய சாட்சி.

வேலை செய்தால் குணம், செய்யாவிட்டால் நோய். அப்படியானால் கூலி? மருந்துக்கு யாராவது கூலி கொடுப்பார்களா!

இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதல்ல. வெட்டி வேலை என்று ஊர் நம்மிடம் வாங்கிய உழைப்புக்கும் கூலி இல்லை. அது கடமை என்றார்கள். மகர்களைப் பரம்பரை ஊர்ப்பணியில் கட்டிப்போட்டிருந்த வதன் முறையை எதிர்த்து அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் திருத்த மசோதா கொண்டுவந்தார். உழைப்பை வேறு பெயரிட்டு அழைத்தால் கூலி கொடுக்காமல் தப்பிக்கலாம் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை. ஆனாலும் காப்பகத்துக்குள் நடந்ததை நம் இயக்கங்கள் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. எங்கள் தலைமுறையின் குறை அது. ஏர்வாடி என்றால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதித் தீயும், சங்கிலியில் வெந்துபோன 28 பேரும் நினைவுக்கு வருவார்கள். அந்த 28 பேரும் சங்கிலிக்கு முன்னால் என்ன வேலை பார்த்தார்கள் என்று நாம் கேட்டோமா? நான் கேட்கவில்லை.

1950-களில் மனநோய்க்கு மாத்திரைகள் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. வாழ்நாள் முழுக்க உள்ளே கிடக்க வேண்டியவர் என்று கருதப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பலாம் என்றானது. 1961-இல் கீழ்ப்பாக்கத்துக்குக் கண்காணிப்பாளராக வந்த மருத்துவர் சாரதா மேனனை இங்கே மரியாதையோடு குறிப்பிட வேண்டும். நோயாளி வெளியே போய் வாழ வேண்டும், வேலை பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைச் சென்னையில் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு அந்த வட்டத்தில் நடந்ததுதான். அதில் ஆண்களில் பெரும்பகுதியினர் பத்தாண்டு கழித்தும் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். மனச்சிதைவு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற நம்பிக்கைக்கு இது நல்ல பதில். ஆனால் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. ஓய்வூதியமோ உதவித்தொகையோ இல்லாத நாட்டில் வேலைக்குப் போகாவிட்டால் உலை வைக்க முடியாது. நோயோடு போனார்கள். என்ன வேலை, எவ்வளவு கூலி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மறுவாழ்வு மையங்கள் பலவற்றில் மெழுகுவர்த்தி செய்து, கவர் ஒட்டிச் சம்பாதிப்பதற்குப் பெயர் இன்றும் 'ஊக்கத்தொகை'தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். மாணவர்கள் இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மனநோயும் ஊனம் என்று அதில் இருந்தது. ஆனால் 3 சதவீத இடஒதுக்கீட்டில் மனநோயாளிக்குப் பங்கில்லை. பார்வை, செவி, கை கால் குறைபாடுகளுக்கு மட்டும்தான். இருந்தும் 47-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் மிகைப் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். என் சித்தப்பாவின் வேலை போனது 1998-இல். அப்போது அந்தப் பிரிவுக்கு வயது இரண்டு. அலுவலகம் சொல்லவில்லை. சங்கத்துக்குத் தெரியவில்லை. அம்பேத்கர் மன்றத்தில் சட்டம் பேசிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

தெரிந்திருந்தால் மட்டும்? சலுகைக்கு 40 சதவீத ஊனம் என்று மருத்துவச் சான்று வேண்டும். மனநோயை எப்படிச் சதவீதத்தில் அளப்பது என்ற அளவுகோலை அரசு அறிவித்ததே 2002-இல்தான். அந்த அளவுகோல் நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. நோய் எத்தனை வருடம் என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். வேலை செய்ய முடிகிறவருக்கு மதிப்பெண் குறையும், சான்று கிடைக்காது. முடியாது என்று காட்டினால் சான்று கிடைக்கும்; அந்தச் சான்றோடு வேலைக்குப் போனால், 'முடியாது என்று நீயே சான்று வைத்திருக்கிறாயே' என்பார்கள்.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடஒதுக்கீடு 4 சதவீதமானது. மனநோய்க்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல ஊனங்கள் கொண்டவர்கள் எல்லோரோடும் சேர்த்து ஒரே ஒரு சதவீதம். பழைய 47-ஆவது பிரிவு 20(4) என்ற எண்ணில் தொடர்ந்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. அவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் அதிகாரி. எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தவர். அவர்மீது ஒழுங்கு நடவடிக்கைகள் வந்தன. குற்றம் சாட்டப்பட்ட நடத்தைக்கு மனநோய் ஒரு காரணமாக இருந்தது என்று காட்டினாலே போதும், அந்த நடவடிக்கை பாகுபாடு ஆகும் என்றது நீதிமன்றம். நோயையே ஒழுங்கீனம் என்று எழுதித் தண்டிக்கும் அலுவலக வழக்கத்தின்மீது விழுந்த அடி அது. சித்தப்பாவின் மெமோவை இந்தத் தீர்ப்பின் பக்கத்தில் வைத்து நான் பலமுறை படித்திருக்கிறேன்.

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. மனநலக் காப்பகத்தில் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்று எழுதிவைத்தது. கனோலியின் காப்பகத்திலிருந்து கணக்கிட்டால் 223 ஆண்டுகள்.

சட்டம் இவ்வளவு வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். 20(4) பிரிவை மறுபடி படியுங்கள். அது அரசு நிறுவனத்துக்கானது. நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவரைத்தான் அது காப்பாற்றும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்களே, தனியாருக்குத் தள்ளாதே என்று? அவர்களில் ஒருவருக்கு நாளை மனம் கலங்கினால் எந்தப் பணியிடத்தில் மாற்றி வைப்பார்கள்? ஒப்பந்தக்காரர் பணிநீக்க ஆணைகூடத் தர வேண்டியதில்லை. நாளையிலிருந்து வராதே என்றால் முடிந்தது. தாரிவாலிடம் எதிர்த்து வழக்காட ஓர் ஆணை இருந்தது. பணி நிரந்தரக் கோரிக்கையை நாம் சம்பளக் கோரிக்கையாகவே பேசிவருகிறோம். நோய் வந்தபின்னும் தொழிலாளியாக இருப்பதற்கான கோரிக்கையும் அதற்குள் இருக்கிறது.

வேலையில் நீடிப்பதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சின்ன ஏற்பாடுகள். இரவு மாத்திரை போட்டவரால் காலை ஆறு மணிக்கு எழுந்து மஸ்டருக்குப் போக முடியாது. எட்டு மணி ஷிப்டு கொடுத்தால் முடியும். மாதம் ஒருமுறை ஊசிக்குப் போகும் நாள் ஆப்சென்ட் ஆகக் கூடாது. லித்தியம் சாப்பிடுகிறவர் வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் மருந்தே இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். அவருக்குக் குடிதண்ணீரும் நிழலும் வேண்டும். தனிப் பானையில் தண்ணீர் வைத்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு, வேலையிடத்தில் குடிதண்ணீர் கேட்பது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைக் கேட்க வேண்டுமானால் நோயைச் சொல்ல வேண்டும். இங்கேதான் படித்த நம் பிள்ளைகள் தவிக்கிறார்கள். நகரத்தில் வாடகை வீடு தேடும்போது சாதியைச் சொல்வதா மறைப்பதா என்று திணறிய அனுபவம் இந்த அரங்கில் பலருக்கு இருக்கும். அதே திணறல் இரண்டாவது முறையாக, அதே மேஜைக்கு முன்னால். கோட்டாவில் வந்தவன் என்று ஏற்கெனவே முணுமுணுக்கும் அலுவலகத்தில், மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாதே என்றும் என்னால் அறிவுரை கூற முடியவில்லை. சொல்லாதவருக்குச் சட்டம் துணைக்கு வராது. சொல்வதானால் வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். 'குடிபோதை' என்று மெமோ வந்தால் அன்றைக்கே மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். சங்கத் தோழர்கள் கிளைதோறும் பழைய பணிநீக்க ஆணைகளைத் திரட்டுங்கள். குடி என்றும் வராமை என்றும் எழுதப்பட்டவற்றில் எத்தனை நோய் என்று பார்க்க வேண்டும்.

சித்தப்பா கதையில் ஒன்று மிச்சமிருக்கிறது. பணிநீக்கத்துக்கு மூன்று வருடம் கழித்து அவருக்கு மறுபடி வேலை கிடைத்தது. அதே நகராட்சி, அவர் பதினாறு வருடம் பெருக்கிய அதே தெருக்கள், பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்த முறை ஒப்பந்தக்காரரிடம். அவர் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒப்பந்தக்காரர் மருத்துவச் சான்று எதுவும் கேட்கவில்லை.