ஆறு கிட்டார், ஒரு கை: விலையும் நாதமும் பற்றிய ஒரு பரிசோதனையின் பொருள்

நடுத்தர விலைக் கிட்டாருக்கும் உயர்விலைக் கிட்டாருக்கும் நாதத்தில் மெய்யான வித்தியாசம் உண்டா என்னும் விவாதத்தில், சில ஆண்டுகளாக ஒரே ஒரு பரிசோதனை எல்லாக் கட்சியாருக்கும் கடைசிப் பிரமாணமாக இருந்து வருகிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேலே கார்காஞோவும் கிறிஸ்டபர் பிளாக்கும், தந்திக் கருவிகளின் ஒலியியலில் நெடுநாள் உழைத்த ஜிம் உட்ஹவுஸும் கிளோடியா ஃப்ரிட்ஸும், ஃபைல்ட் என்ற பெயரில் கிட்டார் செய்துவரும் ரோஜர் பக்னலும் கூடி நடத்தி, அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் சஞ்சிகையில் 2018-ல் வெளியிட்ட பரிசோதனை அது. அதனை ஆதாரமாகக் கொண்டு, உயர்விலை கண்ணுக்கும் கர்வத்துக்கும் செலுத்தப்படும் காணிக்கையே என்றும், காதுக்கு அதில் பங்கில்லை என்றும் முடிவு கட்டிய ஓர் ஆராய்ச்சி மரபு இன்று வேரூன்றியிருக்கிறது. அம்முடிவு அப்பரிசோதனையிலிருந்து பெறப்படுவதன்று என்பதும், நிதானமாகப் படிப்போருக்கு அதற்கு ஏறக்குறைய எதிரான முடிவொன்று அதே பக்கங்களில் தென்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பரிசோதனையின் அமைப்பை இத்துறையினர் அறிவர். வாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் நினைவூட்டுகிறேன். பக்னல் ஆறு கிட்டார்களை ஒரே திட்டத்தில், ஒரே வகைப் பொருள்களைக் கொண்டு செய்தார். பின்பலகையும் பக்கப்பலகைகளும் மட்டும் பிரேசில் ரோஸ்வுட், உலகச் சந்தையில் இந்திய ரோஸ்வுட் என்று வழங்கும் நம் ஈட்டி, மஹாகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என்று ஒன்றுக்கொன்று வேறுபட்டன. வெல்டிங் வேலை செய்வோர் அணியும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மங்கிய வெளிச்சமுள்ள அறையில் அமர்ந்து வாசித்த 52 பேர், நாதத்தின் தரத்துக்கு ஆறு கருவிகளுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பை அளித்தனர். இரண்டு கிட்டார்களைக் கொடுத்து வாசிக்கச் செய்து, பின் அவற்றுள் ஒன்றை மீண்டும் கையில் கொடுத்து, இது முன்னதா பின்னதா என்று 31 பேரைக் கேட்டபோது, அவர்களால் எளிதில் பிரித்தறிய முடியவில்லை. இவற்றோடு, வீணைக்காரர் குதிரை என்று சொல்லும் உறுப்பு, கிட்டாரில் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு எளிதாக அசைந்து கொடுக்கிறது என்பதும் ஒவ்வொரு கருவியிலும் அளக்கப்பட்டது.

இதிலிருந்து, பின்பலகையின் மரம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதால் நாதத்தில் விளையும் மாறுதல் மிகச் சொற்பம் என்று ஆசிரியர்கள் முடிவு கூறினர். அவர்கள் கூறியது அவ்வளவே. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பின்வந்தோர் மரம் என்ற சொல் நின்ற இடத்தில் விலை என்ற சொல்லை வைத்தனர். விலையுயர்ந்த மரத்தாலான கிட்டாரும் விலைமலிந்த மரத்தாலான கிட்டாரும் ஒன்றுபோல் ஒலித்தன. ஆகவே விலையுயர்ந்த கிட்டாரும் விலைமலிந்த கிட்டாரும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பது அவர்கள் அனுமானம். தர்க்கம் பயிலும் இளைஞனும் இதிலுள்ள ஹேத்வாபாசத்தைக் கண்டுகொள்வான். அந்த ஆறு கருவிகளுள் நடுத்தர விலைக் கிட்டார் என்று ஒன்றுகூட இல்லை. ஆறும், தொழிலில் தேர்ந்த ஒருவரின் பட்டறையில், ஒரே சிரத்தையோடு உருவானவை. ஒரு கிட்டாரின் விலையில் மரத்தின் அருமைக்கு ஒரு பங்கும், சிப்பி பதித்த அலங்காரத்துக்கு ஒரு பங்கும், பெயருக்கு ஒரு பங்கும், செய்பவரின் கைக்கும் நேரத்துக்கும் ஒரு பங்கும் அடங்கியிருக்க, இவற்றுள் முதற்பங்கை மட்டும் மாற்றி, கடைசிப் பங்கை அசையாமல் நிறுத்திச் செய்த பரிசோதனை, அந்தக் கடைசிப் பங்குக்கு நாதத்தில் இடமில்லை என்று எவ்வாறு சாட்சி சொல்லும்?

இதனினும் முக்கியமான இடம் வேறொன்று உண்டு. குதிரையின் அசைவை அளந்தபோது ஆறு கருவிகளுக்கும் இடையே சிறு சிறு வித்தியாசங்கள் காணப்பட்டன என்றும், அவற்றுள் பெரும்பகுதிக்குக் காரணம் பின்பலகை மரம் அன்று, செய்முறையில் தவிர்க்க முடியாமல் எஞ்சிய மாறுபாடே என்றும் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். மரத்தின் இடத்தில் விலையை வைத்த அந்த முன்னையோர் இவ்வாக்கியத்தைக் களத்துப் பதர்போல் தூற்றிவிட்டு மேலே சென்றனர். எனக்கோ, கட்டுரை முழுவதிலும் விலையைப் பற்றி ஏதேனும் சொல்லும் வாக்கியம் இது ஒன்றே என்று தோன்றுகிறது. ஒரே மனிதர், ஒரே அச்சில், ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்ற சங்கற்பத்தோடு செய்த ஆறு கருவிகளிலேயே, மரத்தின் இனத்தைக் காட்டிலும் செய்கையின் நுண்ணிய ஏற்றத்தாழ்வு வலிதாக நின்றது என்றால், நாதத்தின் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு குறிப்பு வேண்டுமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இதுவே என் வாதத்துக்கு வரக்கூடியவற்றுள் கனமானது என்பதால் அதனை மறைக்க விரும்பவில்லை. எஞ்சிய மாறுபாடு கருவியில் அளக்கத்தக்கதாக இருந்தாலும், வாசித்தவர்கள் கிட்டார்களைப் பிரித்தறியவில்லையே. அப்படியானால் செய்கையின் வித்தியாசமும் மரத்தின் வித்தியாசத்தைப் போலவே காதுக்கு எட்டாதது என்றுதானே ஆகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அங்கு எட்டாமற்போனது பக்னலின் கையில் எஞ்சிய மாறுபாடு. பொதுவாகச் செய்கையில் நேரும் மாறுபாடு அன்று. தேர்ந்த தட்டான் ஒருவன் செய்த ஆறு வளையல்களைத் தராசில் இட்டு, அவற்றினிடையே குன்றிமணியளவும் பேதம் காணாதவன், வளையல் செய்வதில் கைத்திறனுக்கு வேலையில்லை என்று சொல்லுவானாயின் நாம் நகைப்போம். ஆறு மரங்களைக் கொடுத்து, ஆறும் ஒரே நாதத்தோடு வெளிவரச் செய்தது எது என்ற கேள்வியை முன்னையோர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒற்றுமையே அப்பரிசோதனையின் அரிய பலன் என்றும், அந்த ஒற்றுமைக்கு ஓர் ஆசிரியர் உண்டு என்றும் கண்டிருப்பர்.

கையின் வேலை எத்தகையது என்பதை மேற்பலகையில் காணலாம். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை ஒன்று, எழுபது கிலோவை ஒட்டிய தந்தி இழுப்பைத் தாங்கி நிற்கவும் வேண்டும், விரல் தொட்ட மாத்திரத்தில் அதிர்ந்து கொடுக்கவும் வேண்டும்; இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை. பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது ஆகையால், மூன்று மில்லிமீட்டரை 2.7 ஆக இழைத்தாலே விறைப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளிலும் விறைப்பு ஒன்றாக இருப்பதில்லை. கைவேலைக்காரர் பலகையை இரு கட்டைவிரல்களுக்கிடையே வளைத்துப் பார்த்து, முட்டியால் தட்டிக் காதருகே பிடித்துக் கேட்டு, அந்தந்தப் பலகைக்கு வேண்டிய கனத்தில் இழைப்பை நிறுத்துகிறார். தொழிற்சாலையோ எல்லாப் பலகைகளையும் ஒரே எண்ணுக்கு இழைக்கிறது. அதுவும், பலகை வெடித்துத் திரும்பி வரும் கருவிக்குத் தானே ஈடு சொல்ல வேண்டுமாதலால், அந்த எண்ணைச் சற்றுத் தடிப்பான பக்கமாகவே வைக்கிறது. ஆகவே மென்மையான பலகை அமைந்த கருவி நன்றாகப் பேசும். விறைப்பான பலகை அமைந்தது வாய் மூடிக்கிடக்கும். இரண்டுக்கும் விலைச்சீட்டு ஒன்றே. பின்பலகையின் நிலை வேறு. அது வாசிப்பவரின் வயிற்றிலும் சட்டையிலும் அழுந்தி, தன் அதிர்வில் பெரும்பங்கை அங்கேயே இழந்துவிடுவது. ஆயினும் அருமையான மரத்துக்கென்று கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பின்பலகைக்கே போகிறது என்பது இச்சந்தையின் விநோதம்.

இந்த விநோதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. கிட்டார் செய்யும் மார்ட்டின் நிறுவனம் டி-28 என்னும் தன் புகழ்பெற்ற மாதிரிக்குப் பிரேசில் ரோஸ்வுட்டை விடுத்து இந்திய ஈட்டியை எடுத்துக்கொண்டது 1969-ல். அழியும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை பிரேசில் ரோஸ்வுட்டை 1992-ல் முதல் அட்டவணையில் சேர்த்தது. 2017-ல் ஈட்டி உட்பட அந்தப் பேரினம் முழுவதும் இரண்டாம் அட்டவணைக்கு உட்பட்டு, 2019-ல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அருமை ஏற விலை ஏறிற்று. விலை ஏற நாதமும் ஏறிவிட்டதாக நம்பிக்கை பிறந்தது. 1969-க்கு முந்திய டி-28-ன் நாதம் பிந்தியதில் இல்லையே என்று அனுபவஸ்தர் சொல்வதை நான் பொய் என்று தள்ளவில்லை. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், மேற்பலகையின் அடியில் குதிரைக்கு நேர்கீழே ஒட்டப்படும் சிறு தாங்குபலகையும் சிறிய மேப்பிள் துண்டிலிருந்து பெரிய ரோஸ்வுட் துண்டாக மாறிற்று. நாதம் பிறக்கும் இடத்திலேயே நிகழ்ந்த இம்மாறுதலைப் பேசாமல், வயிற்றில் அழுந்தும் பலகையைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாகப் பேசி வந்திருக்கிறோம்.

முன்னையோர் தம் கட்சிக்குத் துணையாக அழைக்கும் வேறு இரு சாட்சிகளும் எனக்கே சாதகமானவர்கள். கிட்டார்க் கலைஞர் அந்தோனியோ தெ தோரஸ் 1862-ல் பின்பலகையையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். கிட்டார் தயாரிப்பாளர் பாப் டெய்லர் 1995-ல் சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டைப் பிரித்து, அதன் கட்டைகளாலேயே ஒரு கிட்டார் செய்து கண்காட்சியில் வைத்தார். மரம் பொருட்டல்ல என்பதற்கு இவை உதாரணமாகட்டும். ஆனால் காகிதத்தைக் கையாண்டவர் தோரஸ். மரத்தட்டைக் கையாண்டவர் டெய்லர். அதே கூழையும் அதே கட்டையையும் நேற்றுத் தொழிலில் சேர்ந்தவன் கையில் கொடுத்துப் பார்த்தவர் எவருமிலர்.

வயலின் பரிசோதனையையும் இத்துடன் கலப்பது வழக்கமாகிவிட்டது. 2010-ல் இந்தியானாபொலிஸில் 21 வாசிப்பாளர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு ஸ்ட்ராடிவாரி முதலிய பழைய வயலின்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டபோது பழையவை வெல்லவில்லை என்பது மெய். அங்கேயும் புதியவை தேர்ந்த கைவினைஞர் செய்தவை என்பதை மறந்துவிடலாகாது. அது பழம்பெருமைக்கும் இன்றைய கைத்திறனுக்கும் நடந்த போட்டி. தொழிற்சாலைச் சரக்கு அங்கே பந்தயத்திலேயே இல்லை.

அங்ஙனமாயின் நடுத்தர விலைக் கிட்டாரின் நிலை என்ன? நம் நாட்டுக் கடைகளில் ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டியவற்றை நடுத்தரம் என்றும் மூன்று லட்சத்தைத் தாண்டியவற்றை உயர்விலை என்றும் கொள்கிறேன். அண்மையில் ஒரு கடையில், நடுத்தர விலையுள்ள ஒரே மாதிரியில் இரண்டு கிட்டார்களை அடுத்தடுத்து மடியில் வைத்து வாசித்தேன். ஒன்று முதல் மீட்டலிலேயே விலாவில் அதிர்ந்தது. கீழ்த்தந்தியின் ஒலி, மீட்டிய விரலை எடுத்த பின்பும் அடங்க மனமின்றி நின்றது. மற்றொன்றில் எஃப் கார்டைப் பிடித்தபோது சுருதி ஒரு நூல் ஏறி உறுத்திற்று. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல், முதல் மெட்டில் தந்தியை வருத்தி அழுத்த வேண்டியிருந்ததே காரணம். அது அரத்தால் பத்து நிமிஷத்தில் தீரும் குறை. ஆனால் அடிநாதத்தின் மந்தம் அரத்தால் தீராது. தந்திகள் எத்தனை நாளையவை என்று கடைக்காரருக்கும் தெரியாததால் இதனை நிரூபணமாக முன்வைக்கவில்லை. என் சந்தேகம் எங்கிருந்து தொடங்கியது என்று காட்டவே சொன்னேன். அந்த முதல் கிட்டாரோடு ஒப்பிடுமிடத்து, அதே கடையில் ஆறு மடங்கு விலைக்குத் தொங்கிய கருவி எனக்கு அதிகமாக எதையும் தரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாதத்துக்காகக் கொடுக்கும் விலை ஏணியின் நடுப்படியோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது என்பது என் துணிபு. முழுப்பலகையாலான மேற்புறமும் ஒழுங்கான அமைப்பும் வாய்த்தபின், அதற்கு மேல் ஏறுகிறவன் ஓரளவு அருமைக்கும் அலங்காரத்துக்கும் கொடுக்கிறான். எஞ்சியதை நிச்சயத்துக்குக் கொடுக்கிறான். நடுப்படியில் நல்ல கருவியும் மந்தமான கருவியும் ஒரே பெயரோடு கலந்து கிடக்கின்றன. பொறுக்கி எடுக்கும் வேலை வாங்குபவன் காதுக்கு உரியது. மேற்படியில் அந்த வேலையைச் செய்தவர் முன்பே ஊதியம் பெற்றுவிட்டார்.

பிற ஆட்சேபங்கள் நெடுநேரம் வேண்டாதவை. மாதக்கணக்காகப் பழகினால்தான் வித்தியாசம் விளங்கும் என்பவர், கடையில் பத்து நிமிஷம் வாசித்துவிட்டு லட்சங்களைக் கொடுத்தது எதை நம்பி என்று சொல்ல வேண்டும். 52 பேர் போதாது என்பவர், அதற்கு முன் ஒருவரது அபிப்பிராயமே போதுமானதாக இருந்ததை மறந்தவர். ஆண்டுகள் செல்லச் செல்ல நாதம் மலரும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அது இரு விலைக்கும் பொதுவான பேறு.

இனிச் செய்ய வேண்டிய பரிசோதனை இது. நடுத்தர விலையுள்ள ஒரு மாதிரியில் ஐந்து, உயர்விலையுள்ள ஒரு மாதிரியில் ஐந்து. எல்லாவற்றிலும் ஒரே நாளில் மாட்டிய ஒரே வகைத் தந்தி. நட்டையும் குதிரையின் உயரத்தையும் சரிசெய்ய ஒரே கை. வாசிப்பவர் கண்ணில் அதே கறுப்புக் கண்ணாடி. நடுத்தர ஐந்துள் மிகச் சிறந்தது உயர்விலை ஐந்தோடு ஒன்றாகக் கலந்து நிற்கும் என்றும், அதன் உடன்பிறப்புகளுள் ஒன்றிரண்டு வெகுதூரம் பின்தங்கும் என்றும், உயர்விலை ஐந்தின் இடைவெளி குறுகியிருக்கும் என்றும் எதிர்பார்க்கிறேன். நடுத்தர ஐந்தும் உயர்விலை ஐந்தைப்போல் நெருங்கி நின்று, அதே மதிப்பையும் பெற்றால், முன்னையோர் சொன்னதே சரி. ஐந்தும் ஒருசேரக் கீழே நின்றால், விலைச்சீட்டை நம்பி வாங்குபவர் சொன்னதே சரி. இரண்டில் எது நேரினும் இக்கட்டுரை பிழைபட்டதாகும். நேராது என்று நம்புவதற்கு அந்த ஆறு கிட்டார்களே என் காரணம்.