மூக்கடைப்பும் மூக்கில் அடிக்கும் மருந்தும் - ஒரு சிறு வரலாறு

மார்கழி, தை மாதங்களில் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலையில் வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம் கேட்கும். "பனி ஒத்துக்கலை" என்று அதற்கு ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள். பனியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அறுவடைத் தூசி, வைக்கோல் போரில் பிடிக்கும் பூஞ்சை, வாய்க்கால் கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தம் என்று பல இருக்கின்றன. சீமைக் கருவேலம் இந்த மண்ணின் மரமே அல்ல. விறகுக்காக ஆங்கிலேய வனத்துறை 1870களில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்க மரம் அது. மூக்கையும் தோலையும் ஒருசேரப் பதம் பார்க்கும் பார்த்தீனியமும் அமெரிக்கச் செடிதான். அது 1950களின் நடுவில் புனே நகரில் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது.

பருவத்துக்குப் பருவம் வரும் இந்தத் தும்மலைத் தனி நோயாக எழுதி வைத்தவர் ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1819ல் லண்டன் மருத்துவச் சங்கத்தில் அவர் விவரித்த நோயாளி வேறு யாருமில்லை, அவரேதான்! காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி 1873ல் வெளியிட்ட நூலில்தான் மகரந்தமே காரணம் என்று சோதனைகளோடு காட்டப்பட்டது. பிசுபிசுப்பான கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்தில் மிதக்கும் மகரந்தத்தையும் அவர் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் அதே தும்மல் உண்டு.

மூக்கு வழியே மருந்து செலுத்துவது நம் ஊருக்குப் புதிதல்ல. சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் வேது, நசியம், ஊதல், நாசிகாபரணம் ஆகியவை மூக்கோடு தொடர்புடையவை. இலைச்சாற்றையோ தைலத்தையோ மூக்கில் சொட்டு சொட்டாக விடுவது நசியம். பீனிசத்துக்கும் நீர்க்கோர்வைக்கும் அது வைத்தியர்களின் பழைய முறை. நொச்சி இலையைக் கொதிக்கவைத்து வேது பிடிப்பது இன்றும் கிராமங்களில் நடக்கிறது.

மேற்கத்திய மருத்துவத்தில் மருந்தைத் தூறலாகத் தெளிக்கும் கருவி 19ம் நூற்றாண்டில் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் 1880களில் உருவாக்கிய ரப்பர் பந்து வைத்த தெளிப்பான் புகழ் பெற்றது. அதே குடும்பத்தின் நிறுவனம் பின்னாளில் வாசனைத் திரவியத் தெளிப்பான்களும் செய்து விற்றது.

கருவி வந்துவிட்டது, உள்ளே எதை ஊற்றுவது? 1901ல் ஜோகிச்சி தகாமினே அட்ரினலினைப் பிரித்தெடுத்தார். அது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வீங்கிய மூக்கு உடனே திறந்தது. ஆனால் சீக்கிரமே மறுபடி அடைத்தது. 1920களில் எபிட்ரின் வந்தது. சீனர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய மூலிகையில் இருக்கும் பொருள் அது. 1960ஐ ஒட்டி சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் ஆகியவை வந்தன. மெடிக்கல் கடையில் இன்று சீட்டில்லாமலே கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் பெரும்பாலும் இவைதான்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இவற்றை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. 1940களிலேயே இதற்குத் தனிப்பெயர் வைத்து மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆனாலும் சொட்டு மருந்து பாட்டிலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒவ்வாமையையே அடக்கும் மருந்துகள் பிறகுதான் வந்தன. ஆஸ்துமா நோயாளியான ரோஜர் அல்டூனியன் என்ற மருத்துவர், தனக்கு ஒவ்வாத பொருளைத் தானே முகர்ந்து மூச்சிரைப்பை வரவழைத்து, ஒவ்வொரு மருந்தாகத் தன்மீதே சோதித்தார். அப்படிக் கிடைத்த குரோமோகிளைகேட் 1960களின் கடைசியில் விற்பனைக்கு வந்தது. 1970களில் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக வந்தது. பியூடசோனைடு, புளூட்டிகசோன், மொமெட்டசோன் எல்லாம் அதன் வழிவந்தவை. ஸ்டீராய்டு என்றதும் பலர் பயப்படுகிறார்கள். மாத்திரையைப் போல இது உடம்பு முழுக்கப் பரவுவதில்லை. மிகச் சிறிய அளவில் மூக்கின் உட்சவ்வில்தான் வேலை செய்கிறது.

புதுச்சேரிக்கு மருத்துவக் கல்வியில் நீண்ட பாரம்பரியம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1823ல் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வாரிசான ஜிப்மர் 1964 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. ஆனால் பாகூர்க்காரருக்குத் தும்மல் வந்தால் கோரிமேட்டுக்குப் பஸ் ஏறுவதைவிடத் தெருமுனை மெடிக்கலுக்குப் போவது சுலபம். அங்கே இரண்டு பாட்டில்களும் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே உருவத்தில் இருக்கின்றன. ஒன்று சில நிமிடத்தில் மூக்கைத் திறக்கும், மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் போடக் கூடாது. மற்றொன்று தினமும் அடித்தால்தான் பலன் தரும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கச் சுவரை நோக்கி அடிக்க வேண்டும். இதைச் சொல்லித்தர ஆளில்லாதவர் இரண்டாம் நாளே "இது கேட்கலை" என்று தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய சொட்டு மருந்துக்கே திரும்பிவிடுகிறார்.