இணையவழி உளச்சிகிச்சையும் உரிமம் பெற்ற சமூகப் பணியாளரும் (அமெரிக்கா)

அமெரிக்காவில் வீடியோ அழைப்பில் உளச்சிகிச்சை பெறும் பலர் திரையில் காண்பது மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ அல்ல, பெயருக்குப் பின்னால் எல்.சி.எஸ்.டபிள்யூ. என்று போட்டுக்கொள்ளும் சமூகப் பணியாளரை. 'லைசென்ஸ்டு கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்' என்பதன் சுருக்கம் அது. சமூகப் பணி என்றதும் தொண்டு நிறுவனமும் நிவாரண முகாமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இவர் வேறு. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, மேற்பார்வையின் கீழ் நெடுநாள் பயிற்சி முடித்து (கலிபோர்னியாவில் 3,000 மணி நேரம்), உரிமத் தேர்விலும் தேறியவர். மனநோயைக் கண்டறியலாம், பேச்சுச் சிகிச்சை தரலாம். மருந்து எழுதித் தர முடியாது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இவர்களை ஏற்றுக்கொண்டது. உளவியலாளருக்குத் தரும் கட்டணத்தில் 75 சதவீதத்தைத்தான் இவர்களுக்குத் தருகிறது.

இணையவழிச் சிகிச்சை பற்றிய விவாதம் பெரும்பாலும் திரையைச் சுற்றியே நடக்கிறது. நேருக்கு நேர் உட்காராமல் மனத்தைத் திறக்க முடியுமா என்பது முதல் ஐயம். இதற்குக் கிடைத்துள்ள சான்றுகள் ஐயப்படுவோர் எதிர்பார்ப்பதைவிட நல்லவை. சிகாகோ வட்டாரத்தில் மனச்சோர்வுக்கு ஆளான 325 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு, முகமே தெரியாத தொலைபேசிச் சிகிச்சையை நேரடிச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. சிகிச்சை முடிந்தபோது இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தனர். நேரில் வந்தவர்களில் 32.7 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிட, தொலைபேசியில் நின்றவர்கள் 20.9 சதவீதமே. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நேரில் வந்தவர்களின் நிலையே சற்று மேலாக இருந்தது. இணையவழிச் சிகிச்சையின் ஆதரவாளர்கள் இந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுவதுண்டு. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால், நேரில் இல்லாததால் ஏதோ குறைகிறது என்பதும் அந்தக் குறை சிகிச்சையைச் செல்லாததாக்கும் அளவுக்குப் பெரிதல்ல என்பதும் தெரியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: திரையின் அந்தப் பக்கம் இருப்பவர் தவறு செய்தால் யாரிடம் பதில் சொல்வார்?

எல்.சி.எஸ்.டபிள்யூ. என்ற எழுத்துகளின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. உரிமம் தருவது மாநில வாரியம். புகாரை விசாரிப்பதும், தேவைப்பட்டால் உரிமத்தைப் பறிப்பதும் அதுவே. பயிற்சி எதுவும் இல்லாமலே 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' என்று பலகை மாட்டிக்கொள்பவரை இப்படிக் கேட்க ஆளில்லை. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: உரிமம் ஆளைத்தான் கட்டுப்படுத்துகிறது, அவரை இணையத்தில் கொண்டுவந்து நிறுத்தும் நிறுவனத்தை அல்ல. இணையவழிச் சிகிச்சை தரும் பெட்டர்ஹெல்ப் தளம் பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களிடம் பகிர்ந்தது என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-இல் குற்றம்சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்தத் தளத்தில் பணியாற்றிய சிகிச்சையாளர்கள் உரிமம் பெற்றவர்களே. மறுப்பு நியாயமானது. ஆனால் உரிமத்தால் பயனில்லை என்று அது காட்டவில்லை. நிறுவனத்துக்கும் அதற்கு இணையான கடிவாளம் வேண்டும் என்றுதான் காட்டுகிறது.

இன்னொரு குறை, உரிமம் மாநில எல்லையோடு நின்றுவிடுவது. சிகிச்சை பெறுபவர் அந்த நேரத்தில் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கே உரிமம் இருந்தால்தான் பொதுவாகச் சிகிச்சை தரலாம். கல்லூரி விடுமுறைக்கு அடுத்த மாநிலத்து வீட்டுக்குப் போகும் மாணவருக்கு, மிகவும் தேவைப்படும் வேளையில் சிகிச்சை அறுந்துபோகக்கூடும். உரிமம் பல மாநிலங்களில் செல்லுபடியாக வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் 2023-இல் மிசூரி முதலாவதாகச் சேர்ந்தது. மறு ஆண்டே, அது நடைமுறைக்கு வரத் தேவையான ஏழு மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. ஆனால் உரிமங்களை வழங்கும் ஏற்பாடு அவ்வளவு விரைவில் அமையவில்லை.

சமூகப் பணித் தொழிலின் வேர் அலுவலக அறையில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏழைகளின் வீட்டுப் படியேறிய தொண்டு அமைப்புகளின் வருகையாளர்களிடமிருந்து வளர்ந்தது அது. சமூகப் பணியின் முன்னோடி மேரி ரிச்மண்ட் 1917-இல் வெளியிட்ட நூல் அந்தப் பழக்கத்தை முறைப்படுத்தியது. ஆளை அவர் வாழும் சூழலோடு சேர்த்துப் பார்ப்பதே இதன் அடிப்படை. அந்த வகையில் திரை வீட்டை மறுபடி கண்ணுக்குக் காட்டுகிறது, ஒரு சுவரளவுக்காவது. அடிக்கும் கணவன் அடுத்த அறையில் இருந்தால் அந்தச் சுவரும் பொய் சொல்லும். தனியறை இல்லாதவருக்கு நேரடிச் சந்திப்பே ஏற்றது. தற்கொலை எண்ணம் முற்றியவருக்கும் திரை மட்டும் போதாது. எனவே கவனமுள்ள சமூகப் பணியாளர் ஒவ்வொரு அமர்வையும் 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்ற கேள்வியோடு தொடங்குகிறார். உரிமம் செல்லுமா என்று பார்க்கவும் அந்த முகவரி வேண்டும். ஆம்புலன்ஸ் அனுப்பவும் அதே முகவரிதான் வேண்டும்.