தோலும் பெடலும்

பழைய டிரம் செட்டின் நாதம் கனிவானது என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். பொய்யில்லை. 1950களின் கடைசியில் மைலார் வருகிறவரை முகப்பில் இழுத்துக் கட்டியது கன்றுத்தோல். ஈரக்காற்று பட்டால் தொய்ந்துவிடும். பெரிய டிரம்முக்குள் பல்பு எரியவிட்டு உலர்த்துவார்கள். மைலாரால் அந்தத் தொல்லை ஒழிந்தது, கூடவே அந்த அடங்கிய அதிர்வும் போச்சு.

என் சந்தேகம் வேறு. 'கனிவு' என்ற சொல் எதை மூடிவைக்கிறது? 1739இல் ஸ்டோனோவில் அடிமைகள் முரசடித்துக்கொண்டே கிளர்ந்தார்கள். 1740இல் தெற்குக் கரோலினா அவர்களுக்கு முரசையே தடைசெய்தது. நியூ ஆர்லியன்ஸிலோ, காங்கோ சதுக்கத்தில் ஞாயிறுதோறும் அது ஒலித்தது. பிறகு அதே ஊரில் பட்டாள பாண்டின் வாத்தியங்கள் கறுப்பர் கையில் வேறு பாஷை பேசின. பாண்டில் ஸ்நேருக்கு ஒருவர், பெரிய டிரம்முக்கு ஒருவர். 1909இல் லுட்விக் சகோதரர்களின் கால் பெடல் வந்தது. ஒரே ஆள் போதும் என்றாயிற்று. முதலாளிக்கு ஒரு கூலி மிச்சம். துருக்கிச் சிம்பலும் சீன டாம்டாமும் அந்த ஒற்றை ஆளைச் சுற்றி வந்து நின்றன. டிரம் செட் என்பது இந்தச் சிக்கனம்தான்.

2015இல் ரிங்கோ ஸ்டாரின் முதல் லுட்விக் செட் ஏலத்தில் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. விலைபோனது நாதமா, பெயரா?

நியூ ஆர்லியன்ஸ்காரர் பேபி டாட்ஸ் 1946இல் தனியாக வாசித்த பதிவை மறுபடி கேட்கிறேன். கட்டை, மணி, விளிம்பு எதையும் அவர் விடவில்லை. கனிவா இது? வம்பளக்கிற மாதிரியல்லவா இருக்கிறது!