தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி: எந்த நிலத்துக்கு எது, எப்போது மடக்கி உழுவது?

இயற்கை விவசாயத்தில் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட வேண்டும் என்கிறோம். மாடுகள் குறைந்துவிட்ட ஊரில் அவ்வளவு எரு சேர்ப்பது கடினம்; வெளியூரில் இருந்து வாங்கினால் வண்டி வாடகை தனி. வயலிலேயே விளைந்து, வயலிலேயே மக்கும் பசுந்தாள் உரம்தான் இதற்கு மலிவான மாற்று. ஆனால் பலர் விதைப்பதோடு சரி, உழும் நாளைத் தவறவிட்டு விடுகிறார்கள்.

முதலில் பயிர்த் தேர்வு. தண்ணீர் தேங்கும் நெல் வயலுக்கும் களர், உவர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டு ஏற்றது. ஏக்கருக்கு 20 கிலோ விதை தேவை. களர் நிலமாக இருந்தால், மண் பரிசோதனையில் சொன்ன அளவு ஜிப்சம் இட்டு, தண்ணீர் கட்டி வடித்த பிறகு விதைப்பது நல்லது. வடிகால் உள்ள மேட்டு நிலம், கரும்பு மற்றும் தோட்டக்கால் நிலங்களுக்குச் சணப்பை போதும். ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ. தண்ணீர் நின்றால் சணப்பை தாங்காது. வறண்ட செம்மண், மணற்பாங்கான நிலத்துக்குக் கொழிஞ்சி. இதை ஆடு மாடு அதிகம் கடிக்காது என்பது பெரிய வசதி. விதைத்தோல் கடினமானது என்பதால், மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைத்தால்தான் சீராக முளைக்கும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ.

எந்த விதையானாலும் ரைசோபியம் கலந்து விதையுங்கள். 30-ஆம் நாள் வாக்கில் ஒரு செடியை வேரோடு எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் செடி மண்ணில் உள்ளதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. மணிச்சத்துக் குறைவும் இதற்கு ஒரு காரணம். பாறை பாஸ்பேட் இடுவதாக இருந்தால் நெல்லுக்கு இடுவதைவிடப் பசுந்தாள் பயிருக்கே இடலாம். முடிச்சு நன்றாகப் பிடிக்கும், மக்கும்போது நெல்லுக்கும் கிடைக்கும்.

தக்கைப்பூண்டு, சணப்பை இரண்டையும் 40 முதல் 50 நாளுக்குள், பூ எடுக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். கொழிஞ்சி மெதுவாக வளரும், 60 நாள் வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் செடி உயரமாகத் தெரியும், ஆனால் தண்டு நாராகிவிடும். நார்த்தண்டை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். உரம் போட்ட வயலில் நாற்று மஞ்சளாக நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

டெல்டாவில் சம்பா மட்டும் போடுபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும். திறப்பு தள்ளிப்போனால், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் சேற்றில் மிதித்துக்கொள்ளலாம் என்று செடியை 70 நாள் வரை விட்டுவிடுகிறார்கள். நடவு நாளில் இருந்து பின்னோக்கி 55 முதல் 60 நாள் எண்ணி விதையுங்கள். தண்ணீர் வராவிட்டாலும், 50 நாளுக்குள் ஒரு மழை ஈரம் கிடைக்கும்போது ரோட்டவேட்டர் ஓட்டிவிடுங்கள். கொஞ்சம் சத்து வீணாகலாம், முற்றவிடுவதைவிட அது மேல்.

உழுது 10 நாள் மக்கவிட்டு நடவு செய்யுங்கள். மானாவாரி நிலத்தில், ஈரம் இருக்கும்போது உழுது, 2 முதல் 3 வாரம் கழித்து விதைக்கலாம்.

எவ்வளவு உரம் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள, உழுவதற்கு முன் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில் உள்ள செடிகளை அறுத்து எடை போடுங்கள். ஒரு கிலோ இருந்தால் ஏக்கருக்கு சுமார் 4 டன். மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. 5 டன் இளம் தக்கைப்பூண்டில் குறைந்தது 20 கிலோ தழைச்சத்து இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

விதைக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள், சில திட்டங்களில் மானியம் உண்டு. வரப்போரம் நாலு வரிசை தக்கைப்பூண்டை உழாமல் விட்டுவைத்தால், சம்பா அறுவடைக்கு முன்பே காய் முற்றிவிடும். காய் வெடிப்பதற்குள் பறித்துக் காயவைத்து, அடுத்த ஆண்டு விதைக்கு வைத்துக்கொள்ளலாம்.