சாணித் தரையிலிருந்து டைல்ஸ் வரை

போன வருஷம் கண்டிக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய சின்ன வீட்டுக்கு போர்சலைன் டைல்ஸ் போட்டோம். குடிபோன மூன்றாம் நாள், அம்மாயி பழைய பழக்கத்தில் சிவப்புப் பொலிஷ் டின்னைத் திறந்து ஒரு மூலையில் பூசிவிட்டார். பொலிஷ் தரைக்குள் இறங்கவே இல்லை. காலில் ஒட்டி, வீடு முழுக்கச் சிவப்புச் சுவடு. "இதுக்குப் பொலிஷ் வேணாம் அம்மாயி" என்றால், "பொலிஷ் போடாத தரை என்னடா தரை?" என்கிறார்.

அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் அந்த டின்னுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. யார் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கலாம் என்பதை இந்த மலைகளில் எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள்.

1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பிப்போன ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் புத்தகத்தில் சாதாரண சனங்களின் வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கம்பு நட்டு, களிமண் பூசி, மேலே புல்லோ ஓலையோ வேய்ந்த சின்ன வீடுகள். மாடி கட்டக்கூடாது, ஓடு போடக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடாது. வசதி இருந்தாலும் அனுமதி இல்லை!

அரசன் போனான், தோட்டம் வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன்பே கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து நடந்துவந்த நம்ம ஆட்களுக்குக் கிடைத்தது லயக்காம்பரா. தரை மண். அதைச் சாணி கரைத்து மெழுகினார்கள். அடைமழைக் காலத்தில் கீழேயிருந்து ஈரம் ஏறும், பிள்ளைகள் அதன்மேல் படுப்பார்கள்.

பிறகு சீமெந்து வந்தது. சிவப்புச் சாயம் கலந்து இழைத்த தரைக்கு மெழுகுப் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையைக் காலால் மிதித்துத் தேய்ப்பார்கள். சீமெந்தில் நுண்ணிய துளைகள் இருப்பதால் மெழுகு உள்ளே இறங்கிப் பளபளக்கும். அம்மாயிக்கு மூட்டுவலி வந்ததில் அந்தத் தேய்ப்புக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

போர்சலைன் வேறு சாதி. நல்ல களிமண்ணை மற்ற கனிமங்களோடு அரைத்து, பெரிய அழுத்தத்தில் அழுத்தி, சுமார் 1200 பாகை வெப்பத்தில் சுடுகிறார்கள். துளைகள் அநேகமாக மூடிவிடும். தன் எடையில் 0.5 வீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்தால் அதற்குப் போர்சலைன் என்று பெயரில்லை. தேத்தண்ணி கொட்டினாலும் துடைத்தால் போய்விடும். கண்டி மாதிரி ஈரமான ஊருக்கு இது பெரிய விஷயம்.

பராமரிப்பும் லேசு. பொலிஷ் வேண்டாம். மண்ணும் மணலும்தான் எதிரி, பளபளப்பான மேற்பரப்பைக் கீறிவிடும். அதனால் வாசலில் கால்மிதி போட்டு, தினம் கூட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். அசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், டைல்ஸ் இடுக்கில் உள்ள சீமெந்தை அது அரித்துவிடும். குளியலறைக்கும் படிக்கட்டுக்கும் சொரசொரப்பானதை வாங்குங்கள். பளபளப்பானது ஈரத்தில் வழுக்கும், வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு நன்மை இருந்தும், இன்னும் லயத்திலேயே இருக்கும் மாமா டைல்ஸ் போடவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறான். கேட்டால், "உறுதி இல்லாத தரைக்கு ஏன்டா செலவழிக்கணும்?" என்கிறார். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் வந்தது. கை மாறிய எந்தத் தடவையும் அந்தக் காம்பரா மாமாவின் குடும்பத்துக்கு எழுதப்படவில்லை. இப்போது சில தோட்டங்களில் காணியோடு தனி வீடுகள் கட்டுகிறார்கள். மாமாவின் தோட்டத்துக்கு அது இன்னும் வரவில்லை.

அம்மாயியின் டின்னை நாங்கள் வீசவில்லை. மாமா வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே இன்னும் சிவப்புத் தரைதான்.