கள்ளத்தோணி என்னும் சொல்லும் வாசலை மூடும் சட்டமும்

"கள்ளத்தோணி" என்னும் சொல்லுக்கு மலைநாட்டில் விளக்கம் வேண்டியதில்லை. வலப்பனைப் பிரதேசத்திலே, இராகலை, உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொய்த மக்கள் இச்சொல்லால் ஏசப்பட்டவர்கள். தோட்டத்துரைமாரும் கங்காணிமாரும் ஆள் அனுப்பி, வழிச்செலவையே கடனாக எழுதி, அழைத்து வந்த மக்கள் அவர்கள். அழைத்தவன் முதலாளியாகவும் வந்தவன் கள்ளனாகவும் ஆகிய விந்தையைச் சரித்திரம் இங்கே கண்டது.

இன்று அதே சொல் வேறொரு மக்கட் கூட்டத்தை நோக்கித் திரும்பியிருக்கின்றது. 2017 செப்டெம்பரில் கல்கிசையிலே, ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் நிறுவனத்தின் பாதுகாப்பில் இருந்த 31 ரோஹிங்கிய அகதிகளைப் பிக்குகள் சிலரின் தலைமையில் வந்த கும்பல் முற்றுகையிட்டது. அந்த 31 பேரிற் பெரும் பகுதியினர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியர் படகொன்றில் வந்து சேர்ந்தபோது, அவர்களைத் திருப்பியனுப்புவது பற்றி அரசாங்கத் தரப்பிலிருந்தே பேச்செழுந்தது. முஸ்லிம் அகதிகளுக்கு இந்நாட்டின் கதவு திறக்கலாகாது என்போர் தம் கோரிக்கையைத் தேசப்பற்று என்று பெயரிட்டு அழைக்கின்றனர்.

இக்கோரிக்கையை எதிர்க்க வேண்டிய கடமை யாரினும் முதலாக மலையக மக்களுக்கும், அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியர்களுக்கும் உண்டு. இதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று, அனுபவம். ஓர் இனத்தையோ மதத்தையோ பெயர் குறித்து வாசலில் தடுப்பதற்கென எழும் குரல், வாசலோடு நிற்பதில்லை. அது வீட்டினுள் நுழைந்து, ஏற்கெனவே அடுப்பு மூட்டி வாழ்பவனின் கையைப் பிடித்து வெளியே இழுக்கின்றது. நம் நாட்டுச் சரித்திரம் இதனை ஒருமுறையன்று, பலமுறை மெய்ப்பித்துள்ளது.

முதலில், அந்நியன்மீது பழி சுமத்தும் வழக்கம் எத்தகைய நிலத்திலே முளைத்தது என்பதை நோக்குவோம். வலப்பனை தேயிலையால் மட்டும் அறியப்பட்ட ஊரன்று; அது பழைமையான சிங்களக் கிராமங்களையும் வயல்களையும் கொண்ட பகுதி. 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது ஊவாவும் வெல்லஸ்ஸயும் போலவே வலப்பனையும் பாழாக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் அரசின் சொத்தாக்கித் தோட்ட முதலாளிகளின் கையிற் சேர்ப்பித்தது. அதன்பின் 1880களில், தானிய வரி கட்ட இயலாத வலப்பனை விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்தவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்னும் ஆங்கில அதிகாரியே இக்கொடுமையை வெளிப்படுத்தினார். அவ்வரி 1892ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது.

வயலைப் பறித்தது வரி. காட்டைப் பறித்தது சட்டம். இரண்டையும் இயக்கியது ஏகாதிபத்தியம். ஆயினும் கிராமத்து விவசாயியின் கண்முன் நின்றவன் இலண்டனில் இருந்த பங்குதாரன் அல்லன். மலைச்சரிவில் லயத்தில் வாழ்ந்த தொழிலாளியும், கடைவீதியில் அரிசியும் துணியும் விற்ற முஸ்லிம் வியாபாரியுமே அவன் கண்ணிற் பட்டனர். தூரத்திலிருந்து சுரண்டுபவனைக் காண்பது கடினம். பக்கத்தில் இருக்கும் வேற்று மொழியாளனைச் சுட்டுவது எளிது. பிற்போக்கு அரசியல் இந்த எளிமையின்மீதே தன் கட்டடத்தை எழுப்பியது.

1915ஆம் ஆண்டுக் கலகம் அதன் முதற் பெரும் விளைவு. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தென்னிந்தியத் துறைகளிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரைச் சம்மாங்காரர் என்பர். கொழும்புப் புறக்கோட்டையில் இன்றும் நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் அவர்களின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. இவர்களை "ஹம்பயா" என்று இழித்து, நாட்டின் செல்வத்தை உறிஞ்ச வந்த அந்நியர் என்று அநகாரிக தர்மபாலரின் "சிங்கள பௌத்தயா" முதலிய ஏடுகள் ஓயாது எழுதின. கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா மேளத்தோடு செல்லலாமா என்ற வழக்கு இப்பகைக்கு நெய் வார்த்தது. முதல் உலகப் போரால் விலைவாசியும் ஏறியிருந்தது. 1915 மே 28ஆம் நாள் இரவு, வெசாக் பண்டிகையின்போது கண்டியில் மூண்ட கலகம் சில நாட்களில் மத்திய, மேல், தென் மாகாணங்கள் முதலாகப் பல இடங்களுக்குப் பரவியது. 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. இக்கலகத்தின் பொருளாதாரப் பின்னணியை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தன பின்னாளில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக்காட்ட வேண்டிய உண்மையொன்று இங்கே உண்டு. பிரசாரம் கரையோரத்திலிருந்து புதிதாய் வந்த வணிகருக்கு எதிராகவே தொடங்கிற்று. ஆனால் கல்லும் தீயும் வந்தபோது, பல நூற்றாண்டுகளாக இம்மண்ணிலே வாழ்ந்த இலங்கைச் சோனகரும் தப்பவில்லை. கும்பலின் கண்ணுக்கு எல்லாத் தொப்பியும் ஒரே தொப்பிதான்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1930களின் உலகப் பொருளாதார மந்தம் இலங்கையில் வேலையின்மையைப் பெருக்கியபோது, குற்றவாளிக் கூண்டில் இந்தியத் தொழிலாளி ஏற்றப்பட்டான். கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராய் விளங்கிய ஏ. ஈ. குணசிங்காவே மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். தொழிற்சங்கத் தலைவனே இனவாதியாக மாறும் அவலத்தை இலங்கை அன்று கண்டது. குடிவரவை ஆராய அரசு நியமித்த சேர் எட்வர்ட் ஜாக்சன், 1938இல் தம் அறிக்கையை வெளியிட்டார். வேலையின்மைக்கு இந்தியரின் வருகையே காரணம் என்ற குற்றச்சாட்டை அவ்வறிக்கை ஏற்கவில்லை. எனினும் உண்மைக்கு வாக்குப்பலம் இல்லை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இந்திய நாட்கூலியாளர் நீக்கப்பட்டனர். அதற்கு மறுமொழியாக, தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு அவ்வாண்டு ஓகஸ்டில் தடை செய்தது. அவ்வாறாயின் அதன்பின் தோட்டங்களில் இருந்தவர்கள் புதிதாய் வந்தவர்கள் அல்லர் என்பது வெளிப்படை. வரவே நின்றுவிட்டது, வந்தவர் வேரூன்றிவிட்டனர். வரவை எதிர்த்தவர்களின் கோபம் அத்துடன் தணிந்திருக்க வேண்டுமன்றோ?

தணியவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்ததோடு தந்தையும், அல்லது பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததாக நிரூபிக்கும்படி அச்சட்டம் கேட்டது. லயத்திலே பிறந்து லயத்திலே மடிந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1949இல் அவர்களது வாக்குரிமையும் பறிக்கப்பட்டது.

அதே 1949இல் வந்த மற்றொரு சட்டத்தின் பெயரையே பாருங்கள்: "இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம்". தோட்டத்து இந்துத் தொழிலாளியும் கடைவீதி முஸ்லிம் வியாபாரியும் ஒரே விண்ணப்பப் படிவத்தின்முன் நிறுத்தப்பட்டனர். சுமார் எட்டு இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். அவர்களில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. 1915இல் முஸ்லிம் வணிகனைச் சுட்டிய விரல், 1948இல் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணை நோக்கி நீண்டது. "அது முஸ்லிம்களின் பிரச்சினை" என்று எந்தத் தமிழரேனும் 1915இல் எண்ணியிருப்பின், அவருக்குரிய விடை 33 ஆண்டுகளில் வந்து சேர்ந்தது.

1948இல் இச்சட்டத்தைப் பாராளுமன்றத்தில் இடதுசாரிக் கட்சிகள் உறுதியாய் எதிர்த்தன, செல்வநாயகமும் எதிர்த்தார். முதற் சட்டத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அமைச்சரான பின்னர் 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவளித்தார். நம் பக்கத்துக் கணக்கையும் மறைக்கலாகாது. 1964 யூனில் லங்கா சமசமாஜக் கட்சி ஆட்சியிற் பங்கேற்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம், தொழிலாளரைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் விதி பிற்போடப்பட்டது. இராமேஸ்வரம் சென்று நீலகிரித் தோட்டங்களில் குடியேறியவர்கள் அங்கே "சிலோன்காரர்" எனப்பட்டனர். இங்கே இந்தியன், அங்கே சிலோன்காரன்! இங்கே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கட்டிற்று. இடையில் 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஒடுக்கப்பட்ட இனம் பிறரை ஒடுக்காது என்று எண்ணிவிடவும் முடியாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் முழுவதையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்கள் பேசிய மொழி தமிழ். பிறந்த மண்ணும் அதுவே. அந்தப் பழியைச் சுமக்கும் மொழியிலிருந்து இன்று முஸ்லிம் அகதிக்கு ஆதரவான குரல் எழுவது சாலப் பொருத்தமாகும்.

இனி, ரோஹிங்கியர் யார்? பர்மாவின் அராக்கான் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். 1982ஆம் ஆண்டின் பர்மியக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது; 2017இல் இராணுவத்தின் கொடுமை தாங்காது 7,00,000க்கு மேற்பட்டோர் வங்காளதேசத்துக்கு ஓடினர். 1982இன் அச்சட்டத்தையும் 1948இன் நமது சட்டத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் மலையக மாணவனுக்கு, அவர்களின் கதை அந்நியமாய்த் தோன்றுமோ? முல்லைத்தீவுக் கடலில் அவர்களைக் கண்டு உணவும் நீரும் கொடுத்த மீனவ மக்கள் இக்கேள்விக்கு முன்னரே விடை கூறிவிட்டனர்.

"நாட்டின் பாதுகாப்பு என்னாவது?" என்பர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250க்கு மேற்பட்டோரைக் கொன்ற கொடியோரை எவரும் மன்னிக்க இயலாது. ஆனால் அக்குண்டுகளைச் சுமந்தவர்கள் இந்நாட்டிலே பிறந்த பிரசைகள். முஸ்லிம் அகதி எவனையும் உள்ளே விடாத சட்டமொன்று அன்று இருந்திருப்பினும் ஓர் உயிரையேனும் காத்திராது. முன்னெச்சரிக்கை கிடைத்தும் செயற்படாத அரசின் தவறே அங்கு விசாரணைக்குரியது. குற்றத்தை ஆராய்வது அரசின் கடமை. வருபவன் யார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பதும் அதன் உரிமை. பிறந்த மதத்தையே குற்றமாகக் கொள்வது இவ்விரண்டிலும் அடங்காது.

உலக அனுபவமும் இதுவே. அமெரிக்கா 1882இல் சீனத் தொழிலாளரின் வரவைத் தடுத்தது. பத்தே ஆண்டுகளில், முன்னரே அங்கு வாழ்ந்த சீனரும் வதிவுச் சான்றிதழைச் சுமந்து திரிய வேண்டியதாயிற்று. அதே நாட்டில் 2015இல் முஸ்லிம்கள் அனைவரையும் தடுக்க வேண்டும் என்று தேர்தல் மேடையில் முழங்கிய டொனால்ட் ட்ரம்ப், 2017 சனவரியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழும் ஏழு நாடுகளின் மக்களைத் தடுத்து ஆணையிட்டார். அமெரிக்காவில் நிரந்தரமாய் வதியும் உரிமை பெற்றிருந்தோரும் அவ்வாரத்தில் விமான நிலையங்களிலே தடுத்து வைக்கப்பட்டனர்.

அண்டை நாட்டைப் பாருங்கள். 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டம், பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்குச் சலுகை அளித்தது, முஸ்லிமை விலக்கியது. இந்துக்களைக் காக்கும் சட்டம் என்றனர். ஆனால் இலங்கையிலிருந்து இன வன்முறைக்கு அஞ்சி ஓடி, தமிழ்நாட்டு முகாம்களில் பதின்ம ஆண்டுகளைக் கழித்த இந்துத் தமிழனுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. அவர்களில் மலையகத் தொழிலாளரின் மக்களும் உளர். முஸ்லிமை வெளியே நிறுத்தக் கட்டிய மதிலின் அப்புறத்தில் நம் உறவினரும் நிற்கின்றனர்!

ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது யாது? வலப்பனைப் பாடசாலைகளில் தானிய வரியின் கதையும், 1915இன் கதையும், 1948இன் கதையும் ஒரே பாடமாகக் கற்பிக்கப்படல் வேண்டும். அப்போதுதான் கிராமத்துச் சிங்கள விவசாயியின் பேரனும், லயத்துத் தொழிலாளியின் பேத்தியும், கடைவீதி முஸ்லிமின் மகனும் தம்மைப் பிரித்தது எது என்பதை உணர்வர். தொழிற்சங்கங்கள் தம் மேடைகளில் அகதிகளைத் திருப்பியனுப்புவதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 1951ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை இணைய வேண்டும் என்று கோர வேண்டும். நாடற்றவராயிருந்து 55 ஆண்டுகள் போராடி உரிமை பெற்ற மக்கள் எழுப்பும் இக்கோரிக்கையை, எந்த அரசும் எளிதில் அந்நியரின் குரல் என்று தள்ளிவிட முடியாது.